37 நாள் கையெழுத்தாகாத ஒரு டெண்டர்

டெண்டர் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு நினைவுக்கு வருவது பொதுப்பணித்துறையும், அரக்கு முத்திரை வைத்த உறைகளும்தான். அமெரிக்கக் கால்பந்து வீரர்களுக்கான ஏஜெண்ட் ஒருவரிடம் கணக்காளராகச் சேர்ந்த புதிதில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஹூஸ்டனின் புறநகரில் மூன்றே பேர் கொண்ட அலுவலகம் எங்களுடையது. வீரருக்காகப் பேச்சுவார்த்தை நடத்தும் உரிமை வீரர்கள் சங்கத்தின் சான்று பெற்ற ஏஜெண்டுக்கு மட்டுமே உண்டு என்பதால், தாள்களைச் சரிபார்ப்பதும் தேதிகளைக் கண்காணிப்பதும் என் வேலை. 2025ஆம் ஆண்டு வசந்த காலத்தில், எங்கள் வீரர் ஒருவருக்கு வந்த டெண்டரை, அதாவது அவருடைய அணி நீட்டிய ஓராண்டு ஒப்பந்த முன்மொழிவை, முதல் நாள் முதல் கடைசி நாள் வரை கூடவே இருந்து பார்த்தேன். அந்த அனுபவத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். அவர் பெயரும் அணியின் பெயரும் இங்கே வேண்டாம்.

என்.எஃப்.எல். என்ற அமெரிக்கக் கால்பந்து லீக்கில் ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் எல்லோரும் ஒரே மாதிரி விடுதலை பெறுவதில்லை. ஒரு சீசனில் குறைந்தது 6 ஆட்டங்களுக்கு முழுச் சம்பளத் தகுதியுடன் பட்டியலில் இருந்தால்தான் அது சேர்ந்த சீசனாகக் கணக்கில் ஏறும். அப்படி நான்கு சீசன் சேர்ந்தவர் பொதுவாக எந்த அணிக்கு வேண்டுமானாலும் போகலாம். மூன்று சேர்ந்தவர் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர். பழைய அணி அவருக்கு ஓராண்டுச் சம்பளத்தைக் குறிப்பிட்டு ஒரு டெண்டர் கொடுத்துவிட்டால், அவர் மற்ற அணிகளோடு பேசலாமே தவிர, கடைசிச் சொல் பழைய அணியுடையது. மூன்றுக்கும் குறைவானவர் நிலை இன்னும் மோசம். பழைய அணி குறைந்தபட்சச் சம்பளத்தை நீட்டினாலே போதும், அவர் வேறு எவரிடமும் வாய் திறக்க முடியாது.

கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் தேர்வாகும் வீரர்களின் முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டுகளுக்கானது என்பதால், அவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றாண்டுக் கட்டத்தைத் தொடாமலே தாண்டிவிடுகிறார்கள். இதில் மாட்டுபவர்கள் டிராஃப்டில் எவரும் தேர்ந்தெடுக்காமல் வாசல் தட்டி உள்ளே வந்தவர்கள். எங்கள் வீரரும் அப்படி 2022இல் வந்தவர்தான்.

பிப்ரவரியில் என் முதல் வேலை எண்ணுவதாக இருந்தது. 2023, 2024 இரண்டு சீசன்களிலும் சிக்கல் இல்லை. முழுவதும் அணியின் முதன்மையான 53 பேர் பட்டியலில் இருந்திருக்கிறார். சந்தேகம் முதல் ஆண்டில்தான். 2022 ஆகஸ்ட் இறுதியில் அணி அவரை நீக்கிவிட்டு, மறுநாளே பயிற்சிக்கான துணைக் குழுவான பிராக்டிஸ் ஸ்குவாடில் சேர்த்துக்கொண்டது. பிராக்டிஸ் ஸ்குவாடில் கழியும் வாரங்கள் இந்தக் கணக்கில் சேராது. பன்னிரண்டாம் வாரத்தில்தான் அவரை 53 பேர் பட்டியலுக்கு உயர்த்தி, 2024 சீசன் முடியும் வரையிலான ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். பழைய சம்பளச் சீட்டுகளை மேசையில் பரப்பி, வாரம் வாரமாகப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வந்தேன். 12, 13, 14, 15, 16, 17, 18. மொத்தம் ஏழு ஆட்டங்கள். அவற்றில் இரண்டில் அவர் சீருடையே அணியவில்லை, ஆனால் பட்டியலில் இருந்து முழுச் சம்பளம் வாங்கியதால் அவையும் சேரும். அணி அவரை இன்னும் இரண்டே வாரம் தாமதமாக உயர்த்தியிருந்தால் கணக்கு ஐந்தில் நின்றிருக்கும். அவருக்கு இரண்டு சீசன் மட்டுமே சேர்ந்திருக்கும். 2025இல் அவருக்குக் கிடைத்திருக்கக்கூடியது குறைந்தபட்சச் சம்பளமான 11 லட்சம் டாலர். மூன்றாவது சீசன் சேர்ந்ததால் டெண்டருக்குத் தகுதியானார். அதன் மிகக் குறைந்த படியே 32 லட்சத்து 63 ஆயிரம் டாலர். ஏறத்தாழ 21 லட்சத்து 63 ஆயிரம் டாலர் வித்தியாசம், மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பயிற்சியாளர் எந்த வாரத்தில் ஆள் பற்றாக்குறையை உணர்ந்தார் என்பதில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

டெண்டரில் நான்கு படிகள் உண்டு. 2025இல் முதல் சுற்று டெண்டர் 74 லட்சத்து 58 ஆயிரம் டாலர். இரண்டாம் சுற்று டெண்டர் 53 லட்சத்து 46 ஆயிரம். மூலச் சுற்று டெண்டர் 34 லட்சத்து 6 ஆயிரம். கடைசியாக, வெறும் ஈடுகட்டும் உரிமை மட்டும் கொண்டது 32 லட்சத்து 63 ஆயிரம். எந்தப் படி என்பதைத் தீர்மானிப்பது அணி, வீரர் அல்ல. வேறொரு அணி அந்த வீரரைக் கொண்டுபோக விரும்பினால், அவரோடு ஆஃபர் ஷீட் என்ற ஒப்பந்த வரைவில் கையெழுத்திட வேண்டும். பழைய அணிக்கு ஐந்து நாள் அவகாசம். அதே முக்கிய நிபந்தனைகளைத் தானும் ஏற்றால், அதாவது ஈடுகட்டினால், வீரர் அங்கேயே இருப்பார். ஏற்காவிட்டால் போய்விடுவார், புதிய அணி டெண்டரின் படிக்கு ஏற்ப ஒரு டிராஃப்ட் வாய்ப்பை நஷ்டஈடாகக் கொடுக்க வேண்டும். கடைசிப் படிக்கு நஷ்டஈடே கிடையாது. ஐ.பி.எல். ஏலத்தில் பழைய அணி ‘ரைட் டு மேட்ச்’ அட்டையைத் தூக்கிக் காட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும், ஏலக்காரரின் சுத்தியல் மட்டும் இங்கே இல்லை.

மார்ச் 10, திங்கள்கிழமை பிற்பகலில் மின்னஞ்சலில் வந்தது அந்தத் தாள். கெடு மார்ச் 12, நியூயார்க் நேரப்படி மாலை 4 மணி. அதற்குள் அணி டெண்டர் கொடுக்காவிட்டால் வீரர் முற்றிலும் சுதந்திரமானவர். இத்தனை லட்சம் டாலர் தொங்கும் ஆவணம் குறைந்தபட்சம் கெட்டித் தாளிலாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன். வந்ததோ ஒரு பக்கக் கடிதம்: பெயர், சீசன், தொகை, ஒருவர் கையெழுத்து. கடைசிப் படி.

நான் ஒரு தவறு செய்தேன். மூலச் சுற்று டெண்டர் 1 லட்சத்து 43 ஆயிரம் டாலர் கூடுதல்தானே, அதைக் கேட்டுப் பார்க்கலாமே என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “இவன் எந்தச் சுற்றில் தேர்வானான்?” என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது. மூலச் சுற்று என்றால் வீரர் முதலில் தேர்வான சுற்று. எந்தச் சுற்றிலும் தேர்வாகாதவருக்கு அந்தப் படியிலும் நஷ்டஈடு சூன்யம்தான். கிடைக்காத பாதுகாப்புக்கு எந்த அணி கூடுதல் காசு கொடுக்கும்?

எங்கள் வீரருக்கு அன்றைக்கே கையெழுத்திட்டுவிட வேண்டும் என்று ஆசை. அவரைக் குறை சொல்ல முடியாது; 2024இல் அவர் வாங்கியது 9 லட்சத்து 85 ஆயிரம் டாலர், இது அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். ஆனால் கையெழுத்திட்ட நிமிடமே ஆஃபர் ஷீட்டுக்கான கதவு சாத்திக்கொள்ளும். முதலாளி அவரைக் காத்திருக்கச் சொன்னார். மற்ற அணிகளோடு பேச ஏப்ரல் 18 வரை நேரம் இருந்தது. 2016இல் நடந்த இரண்டு விவகாரங்களை அவருக்கு உதாரணமாகச் சொன்னார். கிறிஸ் ஹோகனும் டிராஃப்டில் தேர்வாகாதவர். பஃபலோ பில்ஸ் அவருக்கு இதே கடைசிப் படியைக் கொடுத்தது. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் மூன்று ஆண்டுக்கு 1 கோடியே 20 லட்சம் டாலர் ஆஃபர் ஷீட் கொடுக்க, பில்ஸ் ஈடுகட்டாமல் விட்டுவிட்டது. அதே வசந்தத்தில் டென்வர் பிராங்கோஸின் சி.ஜே. ஆண்டர்சனுக்கு மயாமி டால்பின்ஸ் நான்கு ஆண்டுக்கு 1 கோடியே 80 லட்சம் டாலர் கொடுக்க முன்வந்தபோது, பிராங்கோஸ் ஈடுகட்டித் தக்கவைத்துக்கொண்டது. ஒருவர் போனார், ஒருவர் இருந்தார். இருவருக்குமே டெண்டரைவிட நல்ல ஒப்பந்தம் கிடைத்தது.

முன்பெல்லாம் ஈடுகட்ட முடியாதபடி ஆஃபர் ஷீட்டில் விஷம் வைக்கும் வழக்கம் இருந்ததாம். 2006இல் மின்னசோட்டா வைக்கிங்ஸ் அப்படி ஒரு நிபந்தனையைச் சேர்த்து சியாட்டில் சீஹாக்ஸின் ஸ்டீவ் ஹட்சின்சனைக் கொண்டுபோக, சீஹாக்ஸ் பதிலுக்கு வைக்கிங்ஸின் நேட் பர்ல்சனுக்கு அதே ஏழு ஆண்டு, அதே 4 கோடியே 90 லட்சம் டாலரில் ஓர் ஆஃபர் ஷீட் எழுதியது. ஒரே சீசனில் மின்னசோட்டா மாநிலத்தில் ஐந்து ஆட்டம் ஆடினால் மொத்தத் தொகையும் உத்தரவாதம் என்பது அதில் இருந்த நிபந்தனை. மின்னசோட்டா அணியால் இதை எப்படி ஈடுகட்ட முடியும்? பழி தீர்ப்பதிலும் ஓர் அழகு இருக்கத்தான் செய்கிறது. 2011 ஒப்பந்தத்தில் இதற்கெல்லாம் தடை போட்டுவிட்டார்கள்.

மார்ச் இறுதியில் ஓர் அணி எங்கள் வீரரை அழைத்தது. போனார், மருத்துவர் பார்த்தார், பயிற்சியாளர்கள் கைகுலுக்கினார்கள். இரண்டு ஆண்டு ஒப்பந்தம் பற்றிப் பேச்சு எழுந்தது. பிறகு பதினைந்து நாள் அமைதி. ஏன் என்பதை அந்த அணியின் ஒப்பந்த அலுவலர் தொலைபேசியில் முதலாளியிடம் ஒளிவுமறைவின்றிச் சொன்னார்: ஆஃபர் ஷீட் எழுதினால் பழைய அணி முடிவு சொல்லும் வரை அந்தத் தொகை தங்கள் சம்பள உச்சவரம்புக் கணக்கில் முடங்கிக் கிடக்கும், கடைசியில் பழைய அணி ஈடுகட்டிவிட்டால், அவர்களுக்கு வேண்டிய பேரத்தைத் தாங்கள் உட்கார்ந்து முடித்துக் கொடுத்ததாகத்தான் ஆகும். ஆஃபர் ஷீட்டுகள் ஏன் இவ்வளவு அரிது என்பதற்கு நான் கேட்ட மிக நேர்மையான விளக்கம் அதுதான். நஷ்டஈடே இல்லாத படியில் கூட பெரும்பாலான அணிகள் துணிவதில்லை என்றால், இந்தக் கட்டுப்பாட்டின் உண்மையான பலம் டிராஃப்ட் வாய்ப்பில் இல்லை, அந்த ஐந்து நாள் அவகாசத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

அந்த நாள்களில் எனக்கு உறக்கத்தைக் கெடுத்தது வேறொரு விதி. கையெழுத்தாகாத டெண்டரை அணி எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். திரும்பப் பெற்றால் வீரர் சுதந்திரமானவர்தான், ஆனால் ஏப்ரல் பிற்பகுதியில் கிடைக்கும் சுதந்திரத்துக்குச் சந்தையில் விலை இல்லை; அணிகள் அதற்குள் பணத்தைச் செலவழித்து முடித்திருக்கும். ஜூன் 15ஐ ஒட்டி இன்னொரு கெடுவும் உண்டு. அதுவரை கையெழுத்திடாதவருக்கு, முதல் டெண்டரை விலக்கிக்கொண்டு, முந்தைய ஆண்டுச் சம்பளத்தில் 110 சதவீதத்தை மட்டும் நீட்டி, அவரை வேறெங்கும் போகவிடாமலும் அணி வைத்துக்கொள்ளலாம். எங்கள் வீரருக்கு அந்த 110 சதவீதம் 10 லட்சத்து 83 ஆயிரத்து 500 டாலர், அதாவது அவருக்குரிய குறைந்தபட்சச் சம்பளத்தைக்கூட எட்டாத தொகை. பிடிவாதமாக உட்கார்ந்திருப்பவருக்கு இந்த விதிகளில் எங்கும் இடமில்லை.

ஏப்ரல் இரண்டாம் வாரத்தில், பழைய அணி இவருடைய இடத்தில் ஆடும் கல்லூரி வீரர்கள் சிலரை அழைத்துப் பார்த்திருக்கிறது என்று தெரியவந்தது. டிராஃப்ட் ஏப்ரல் 24 அன்று கிரீன் பேயில் தொடங்க இருந்தது. 15ஆம் தேதி மாலை, மார்ச்சில் இவரை அழைத்துப் பார்த்த அந்த மற்ற அணி தன் இறுதி மறுப்பைச் சொன்னது. மறுநாள் காலை எட்டு மணிக்கே வீரர் எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். கணினியில் விரலால் கையெழுத்திடலாம் என்று சொன்னேன். வேண்டாம், அச்செடுத்துக் கொடுங்கள் என்றார். என்னுடைய பேனாவை வாங்கி, பெயருக்கு மேலே மெதுவாகக் கையெழுத்திட்டு, தேதி எழுத வேண்டிய இடத்தில் ஒரு கணம் நின்று, இன்றைக்கு என்ன தேதி என்று என்னிடம் கேட்டார். 37 நாளாகத் தேதிகளை மட்டுமே பேசிக்கொண்டிருந்தவர் அவர்.

கையெழுத்திட்டாலும் டெண்டர் தொகைக்கு உத்தரவாதம் கிடையாது என்பதைப் பலர் அறிவதில்லை. பயிற்சியிலோ ஆட்டத்திலோ காயம்பட்டால் ஒப்பந்தப்படி பாதுகாப்பு உண்டு. ஆட்டத்திறன் போதவில்லை என்று நீக்கினால் ஆகஸ்டில் வெறுங்கையோடு போக வேண்டியதுதான். டிராஃப்டின் ஐந்தாம் சுற்றில் அந்த அணி அவருடைய இடத்துக்கே ஓர் இளைஞரைத் தேர்ந்தெடுத்தது. குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டி வாங்கப்போகும் அந்தப் பையனுக்கும் இவருக்குமான வித்தியாசம் சுமார் 24 லட்சம் டாலர் என்பதை அணியின் கணக்காளரும் என்னைப் போலவே ஒரு தாளில் எழுதிப் பார்த்திருப்பார்.

ஆகஸ்ட் 26, 53 பேர் பட்டியலுக்கான கெடு நாள். நீக்கப்படுபவர்களுக்கு மட்டும்தான் அழைப்பு வரும், தங்குபவர்களுக்கு எவரும் தகவல் சொல்வதில்லை. எங்கள் நேரப்படி மூன்று மணி ஆகும் வரை முதலாளி தொலைபேசியை மேசையில் கவிழ்த்தே வைத்திருந்தார். அது அடிக்கவில்லை.

பிறகு நான் வாராவாரம் செய்தது பிப்ரவரியில் செய்த அதே வேலை. செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் ஒரு பென்சில் கோடு. அக்டோபர் நடுவில் ஆறாவது கோட்டைப் போட்டேன்; அவருக்கு நான்காவது சீசன் சேர்ந்துவிட்டது. அடுத்த மார்ச்சில் ஒப்பந்தம் முடியும்போது அவருக்கு எந்த அணியும் இதுபோன்ற டெண்டர் அனுப்பிக் கட்டிவைக்க முடியாது. அன்று மாலை அவருக்கு ‘6’ என்று மட்டும் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன். உடனே பதில் வந்தது, தானும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன் என்று.