ஒரு வரத்துக் கால்வாய், மூன்று அலுவலகங்கள்

எங்கள் கண்மாயின் ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறும் நிலம், 100 ஏக்கருக்கு மேல். அதனால் அது நீர்வளத் துறை கண்மாய். மேலே இருக்கிற சின்னக் கண்மாய் 100 ஏக்கருக்குக் கீழ், அது ஊராட்சி ஒன்றியத்துக்கு. மேல் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் வரத்துக் கால்வாய் வழியாக எங்களுக்குத் தண்ணீர். அந்தக் கால்வாயில் ஒருவர் தென்னை வைத்துவிட்டார், இன்னொருவர் மண்ணைத் தள்ளி வயலோடு சேர்த்துவிட்டார். போதாததற்குக் குறுக்கே போகும் ஒன்றியச் சாலையில் பாலக் குழாய் வேறு அடைத்துக் கிடந்தது.

முதலில் நீர்வளத் துறை உதவிப் பொறியாளரிடம் (ஏ.இ.) மனு. "ஆக்கிரமிப்புன்னா ரெவின்யூல கேளுங்க" என்றார். தாலுகா அலுவலகத்தில், "கண்மாய் அவங்களோடது, அவங்க லெட்டர் கொடுத்தா சர்வேயரை அனுப்புறோம்" என்றார்கள். ஒன்றிய அலுவலகத்தில் மேல் கண்மாயும் சாலையும் தங்களுடையது என்று ஒப்புக்கொண்டார்கள், கால்வாயைத்தான் யாரும் சொந்தம் கொண்டாடவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம், 2007 பொதுப்பணித் துறை கட்டுப்பாட்டில் இருந்த நீர்நிலைகளுக்கு மட்டும்தான். 2021இல் நீர்வளத் துறை தனியாகப் பிரிந்ததும் அந்தப் பொறுப்பு அவர்களிடம் வந்தது. அந்தச் சட்டப்படி நோட்டீஸ் கொடுப்பது நீர்வளத் துறை, எல்லையை அளந்து கொடுப்பது வருவாய்த் துறை. ஒன்றியக் கண்மாய்ப் பக்கம் போனால் 1905ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம், அதில் தாசில்தார்தான் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். தண்ணீர் வரும் வழி ஒன்று, சட்டம் இரண்டு.

மூன்று இடத்திலும் வாயால் சொன்ன பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காது. பதிவுத் தபாலில் தனித்தனியாக மனு அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கினோம். பதில் வராத இடத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம். கூடவே ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று காட்டும் அ-பதிவேட்டின் நகலும், அளவுகளோடு வரைந்த புலப்படமும் எடுத்தோம். அ-பதிவேட்டில் அந்த சர்வே எண்ணுக்கு நேரே 'வாய்க்கால் புறம்போக்கு' என்று தெளிவாக இருந்தது. தென்னை வைத்தவர் அதுவரை பட்டா நிலம் என்றே சாதித்துக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டி, பாசன சங்கத் தலைவர் கையெழுத்தோடு கலெக்டர் அலுவலக விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போனோம். திங்கள்கிழமை மனுநாளை விட இது மேல், ஏனென்றால் எல்லாத் துறை அதிகாரிகளும் ஒரே ஹாலில் உட்கார்ந்திருப்பார்கள். ஆக்கிரமிப்பை எடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. "மூணு துறையும் சேர்ந்து ஒரே நாள்ல இடத்துக்கு வந்து அளக்கணும்" என்று மட்டும் கேட்டோம். கூட்டுப் புலத்தணிக்கைக்கு அங்கேயே உத்தரவானது.

அளக்கிற அன்று சர்வேயருக்குப் பிடி கிடைக்கவில்லை. ஒரு சர்வே கல்லாவது உறுதியாகத் தெரிந்தால்தான் மற்றதை இழுக்க முடியும். வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிடும் எங்கள் பழைய நீர்பாய்ச்சி ஒருத்தர் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். "பெரியவரே, கல்லு எங்க இருந்துச்சு?" "அந்தா, அந்த உடைமரத்துக்குக் கீழ தோண்டிப் பாருங்க தம்பி." கருவேல முள்ளை வெட்டி, முழங்கால் ஆழம் தோண்டியதும், மூன்று எல்லைகள் சேரும் இடத்தில் நடும் முச்சந்திக்கல்லின் தலை தெரிந்தது. அங்கிருந்து டேப் பிடித்ததும், தென்னையில் முதல் வரிசை முழுக்க கால்வாய்க்குள் விழுந்தது. ஏ.இ., வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.), ஒன்றியப் பொறியாளர் மூன்று பேரும் அதே தாளில் கையெழுத்துப் போட்டார்கள். அந்தத் தாள்தான் எங்கள் பக்கம் இருக்கும் ஒரே பலம். நகல் வாங்காமல் யாரும் இடத்தை விட்டு நகராதீர்கள்.

கண்மாயில் வண்டல் மண் எடுக்க 2024 முதல் தாசில்தாரே அனுமதி கொடுக்கலாம் என்று ஆக்கினார்கள், அதனால் அலைச்சல் பாதி குறைந்தது. கால்வாய் ஆக்கிரமிப்புக்கும் தாலுகா அளவில் அப்படி ஒருவரைப் பொறுப்பாக்கினால் என்ன என்று ஏ.இ.யிடமே கேட்டேன். சிரித்தார், அவ்வளவுதான்.

நோட்டீஸ் இரண்டு சட்டத்திலும் தனித்தனியாகப் போனது. மண் தள்ளியவர் தானாகவே எடுத்துவிட்டார். தென்னைக்காரர் அவகாசம் கேட்டு, அப்புறம் முதல் வரிசையை மட்டும் வெட்டினார். கால்வாயை ஜே.சி.பி. வைத்துத் தூர்வாரியாயிற்று. பாலக் குழாய்க்கு எஸ்டிமேட் போட்டு ஒன்றியத்தில் நிதிக்காகக் காத்திருக்கிறது. அடுத்த குறைதீர் கூட்டத்துக்கு அந்த ஒரு மனுவை மட்டும் எழுதி வைத்திருக்கிறோம்.