ஒரு நாளைக்கு எத்தனை தடவை?

ஒரு பெரிய மருத்துவமனையின் இரைப்பை குடல் பிரிவில் ஆய்வு ஒருங்கிணைப்பாளராக வேலை பார்க்கிறேன். குடல் அழற்சி நோயோடு வருகிறவர்களில் ஆய்வில் சேரச் சம்மதிப்பவர்களோடு உட்கார்ந்து பேசுவது, படிவங்களை நிரப்புவது, ரத்தம், மலம், பயாப்ஸி (குடலிலிருந்து கிள்ளி எடுக்கும் சின்னத் திசு) சாம்பிள்களை லேபுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, அப்புறம் மாதாமாதம் ஃபோன் போட்டு எப்படி இருக்கிறார்கள் என்று விசாரிப்பது. இவ்வளவுதான் வேலை. நாள் முழுக்க நான் அதிகம் கேட்கிற கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை தடவை போறீங்க?"

இந்த நோயைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். இதில் முக்கியமாக இரண்டு வகை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்பது பெருங்குடலின் உள்தோலில் வரும் புண். ரத்தமும் சளியும் கலந்து போகும், வயிறு பிசையும், இருக்க விடாது. கிரோன்ஸ் நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கே வேண்டுமானாலும் வரலாம், குடல் சுவரின் முழு ஆழத்துக்கும் இறங்கும், நாளாக ஆகக் குடல் குறுகி அடைத்துக்கொள்ளவும் செய்யும். இரண்டுமே உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் குடலையே தாக்குவதால் வருபவை, பெரும்பாலும் இள வயதிலேயே ஆரம்பிப்பவை. எங்களிடம் வருகிறவர்களில் நிறைய பேர் அதற்கு முன்னால் மூலம் என்று நினைத்து வருஷக்கணக்கில் களிம்பு தடவியிருப்பார்கள், இல்லையென்றால் சூடு என்று இளநீர் குடித்துக்கொண்டிருந்திருப்பார்கள். ரத்தம் போவதை வீட்டில் சொல்லவே கூச்சப்பட்டவர்கள் அதிகம்.

எத்தனை தடவை என்கிற அந்த எண்ணுக்கு இந்தத் துறையில் பெரிய மரியாதை உண்டு. 1955-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ட்ரூலவ், விட்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 210 அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளிகளிடம் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைச் சோதித்துப் பார்த்து எழுதினார்கள். ஒரு நாளைக்கு 6 அல்லது அதற்கு மேல் ரத்தத்தோடு போகிறது, கூடவே காய்ச்சலோ நாடித்துடிப்பு அதிகமோ ரத்தசோகையோ இருக்கிறது என்றால் தீவிரம் என்று அவர்கள் போட்ட கணக்கைத்தான் இன்றும் வார்டில் பார்க்கிறோம். புது மருந்துச் சோதனைகளில் அந்த நோயின் தீவிரத்தை அளக்க மேயோ ஸ்கோர் என்று ஒன்று உண்டு. மலம் கழிக்கும் தடவைக்கு 0 முதல் 3, ரத்தத்துக்கு 0 முதல் 3, உள்நோக்கிக் குழாயில் தெரிவதற்கு 0 முதல் 3, மருத்துவரின் மதிப்பீட்டுக்கு 0 முதல் 3, ஆக மொத்தம் 12. அந்த முதல் எண்ணைப் போடுவதற்கு நோய் வருவதற்கு முன் அந்த ஆள் எத்தனை தடவை போய்க்கொண்டிருந்தார் என்பதும் தெரிய வேண்டும். பத்து வருஷமாக நோயோடு இருப்பவரிடம் அதைக் கேட்டால் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஒரு தடவைனு போடுங்க மேடம், எல்லாருக்கும் அப்படித்தானே" என்பார்.

துணிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் எங்கள் ஆய்வில் இருந்தார். தினமும் எழுதச் சொல்லிக் கொடுத்த தாளில் 7, 8 என்று இருந்த எண் இரண்டே வாரத்தில் 3-க்கு இறங்கியது. மருந்து பிடித்துவிட்டது என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் எடை குறைந்திருந்தது, முகம் வாடியிருந்தது. சாப்பாட்டைப் பற்றி விசாரித்தேன். "காலையில ஒண்ணும் சாப்பிடறதில்ல அக்கா. மதியமும் தண்ணி மட்டும்தான். கடையில பாத்ரூம் கீழ பேஸ்மென்ட்ல இருக்கு, சூப்பர்வைசர் கிட்ட சொல்லிட்டுத்தான் போகணும், திரும்பத் திரும்ப எப்படிக் கேக்கறது? ராத்திரி வீட்டுக்குப் போய்த்தான் சாப்பிடுவேன்" என்றார். ஆக அந்த 3 அவருடைய குடலின் கணக்கே இல்லை, பட்டினியின் கணக்கு. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை கொடுக்கவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத்தைத் திருத்தினார்கள், நல்ல விஷயம், நான் மனதார வரவேற்றேன். இந்தப் பெண்ணுக்கு அதோடுகூட யாரிடமும் அனுமதி கேட்காமல் நினைத்த நேரத்தில் கழிப்பறைக்குப் போக முடிவதும் வேண்டும்.

அன்றைக்கு அவருடைய மலத்தில் கால்புரோடெக்டின் பார்க்கச் சொன்னார் டாக்டர். ரத்த வெள்ளணுக்களில் இருக்கும் ஒரு புரதம் அது. குடலில் அழற்சி இருந்தால் அந்த அணுக்கள் குடலுக்குள் இறங்கிவரும், மலத்தில் அளவு ஏறும். கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை, 250-ஐத் தாண்டினால் உள்ளே எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அவருக்கு அதையும் தாண்டி எங்கேயோ இருந்தது. எண்ணும் ஆளும் ஒத்துப்போகாத இடத்தில் இந்த மாதிரி சோதனை எவ்வளவு உதவுகிறது என்பதை நான் அன்றாடம் பார்க்கிறேன்.

அந்த சாம்பிளை வாங்குவதே தனி வேலை. மூடியில் சின்னக் கரண்டி ஒட்டிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கொடுப்போம். காலையில் முதலில் போவதில் கொஞ்சம் எடுத்தால் நல்லது, சிறுநீர் கலக்கக்கூடாது, மூட்டு வலிக்கு ஐபுப்ரோஃபென் மாதிரி ஏதாவது போட்டிருந்தால் முன்கூட்டியே சொல்லவேண்டும், ஏனென்றால் அதனாலும் அளவு ஏறும். குடல் நுண்ணுயிர்களைப் பற்றிய ஆய்வு என்றால் இன்னும் சிரமம், சீக்கிரமே மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசருக்குள் போயாக வேண்டும். விடியற்காலைப் பேருந்தில் வருகிறவர்கள் டப்பாவைக் கவரில் சுற்றி, அதைத் துணிப்பையில் வைத்து, மேலே இன்னொரு துண்டைப் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். மேசையில் வைக்கும்போது தலையைக் குனிந்துகொள்வார்கள். நான் இரண்டு கையாலும் வாங்கி, பெயரைச் சரிபார்த்து, "ரொம்ப நன்றிங்க, சரியா எடுத்திருக்கீங்க" என்று சத்தமாகவே சொல்வேன். அது சம்பிரதாயத்துக்குச் சொல்வதல்ல. அந்த டப்பா இல்லாமல் மேலே இருக்கிற எந்த இயந்திரத்துக்கும் வேலை இல்லை.

நம் ஊரில் இந்த ஆராய்ச்சியை இன்னும் சிக்கலாக்குவது டிபி. குடல் டிபியும் கிரோன்ஸும் பெரும்பாலும் உட்காருவது ஒரே இடத்தில், சிறுகுடலும் பெருங்குடலும் சேர்கிற முனையில். இரண்டிலும் வயிற்றுவலி, காய்ச்சல், எடை இழப்பு. பயாப்ஸியில் நடுத்திசு அழுகிப்போன கட்டிகளோ டிபி கிருமியோ தெரிந்தால் முடிவு சுலபம், பல பேருக்கு அப்படித் தெரிவதில்லை. நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் பரில் கிரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் என்ற மூவரும் 1932-ல் 14 நோயாளிகளை வைத்து இது டிபி அல்ல, வேறு நோய் என்று எழுதினார்கள். அவர்கள் பிரித்துக் காட்டிய அந்த இரண்டையும் இன்றைக்கும் ஓபியில் எதிரெதிரே வைத்துத் தடுமாறிக்கொண்டுதான் இருக்கிறோம். டிபி இருப்பவருக்கு கிரோன்ஸ் என்று ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி பரவும். கிரோன்ஸ் இருப்பவருக்கு டிபி மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்தால் குடல் உள்ளுக்குள் குறுகிக்கொண்டே போகும். அதனால் சந்தேகம் தீராதபோது டிபி மருந்தை ஆரம்பித்து, இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி கொலோனோஸ்கோப்பி பார்த்துப் புண் ஆறியிருக்கிறதா என்று பார்க்கிற வழக்கம் இருக்கிறது.

இந்த வழியில் வந்தவர் ஒரு பேருந்து ஓட்டுநர். ஃபோனில் கேட்டபோதெல்லாம் "தேவல மேடம், காய்ச்சல் இல்ல, பசிக்குது" என்றுதான் சொன்னார். மறுபடி குழாய் விட்டுப் பார்த்தபோது புண்கள் அப்படியே இருந்தன. டாக்டர் கிரோன்ஸ் என்று எடுத்துச் சொல்லி முடித்ததும், அவர் வெளியே என் பக்கத்தில் வந்து நின்று, "ஒரு மாத்திரைகூட விடலயே மேடம். நேரத்துக்குப் போட்டேனே" என்றார். தன்னால்தான் ஆறவில்லை என்று அந்த மனுஷன் நினைத்துக்கொண்டார். அன்று மதியம் அவரோடு வெகு நேரம் பேசினேன், அவருடைய மனைவியை ஃபோனில் கூப்பிட்டு அவரிடமும் சொன்னேன். தேவல என்று அவர் சொன்னதும் பொய்யில்லை, காய்ச்சல் நின்றது உண்மை, பசித்தது உண்மை, ஆனால் குடல் வேறு கதை சொன்னது.

பெரிய மருந்துகளுக்குப் போனாலும் டிபி கூடவே வருகிறது. டிஎன்எஃப் என்ற அழற்சிப் பொருளைக் கட்டுப்படுத்தும் இன்ஃப்ளிக்சிமாப் 1998-ல் அமெரிக்காவில் கிரோன்ஸுக்கு அனுமதி பெற்றது. ஒளிந்திருக்கும் டிபி கிருமியை அடக்கிவைப்பதிலும் அதே டிஎன்எஃபுக்குப் பங்கு உண்டு. அந்த ஊசிக்குப் பிறகு டிபி வந்த 70 பேரைப் பற்றிய அறிக்கை 2001-லேயே வந்துவிட்டது. அதனால் ஊசிக்கு முன் மார்பு எக்ஸ்ரே, மான்டூ என்ற தோல் பரிசோதனை அல்லது ரத்தப் பரிசோதனை எல்லாம் கட்டாயம். நோயாளிகள் அலுத்துக்கொள்வார்கள், அதில் நியாயமும் இருக்கிறது, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நான் கறாராக இருப்பேன்.

சாப்பாடு பற்றிக் கேட்காதவர் கிடையாது. பழைய சோறு சாப்பிடலாமா என்பது முதல் கேள்வி. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் அரசு உதவியோடு பழைய சோற்றையும் குடல் நோயையும் வைத்து ஆய்வு செய்கிறார்கள் என்ற செய்தி வந்ததிலிருந்து இந்தக் கேள்வி கூடிவிட்டது. நம் சட்டியில் இருப்பதை லேபுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பது எனக்கு மனதுக்கு நிறைவான விஷயம். ஆனால் அதைக் காரணமாக வைத்து மாத்திரையை நிறுத்தச் சொல்கிற வீடியோக்களைப் பார்த்தால் கோபம் வருகிறது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்குக் கொடுக்கும் மெசலமைன் மாத்திரையை நன்றாக இருக்கும்போதும் தொடர்ந்து போட்டால்தான் நோய் திரும்புவது குறையும். வீடியோ பார்த்துவிட்டு நிறுத்தி, திரும்ப ரத்தத்தோடு வந்தவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன்.

நம் ஆட்களை வைத்து நாமே ஆராயவேண்டும் என்பதற்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன. 2001-ல் கிரோன்ஸோடு தொடர்புள்ளதாகக் கண்டுபிடித்த நாட்2 மரபணுவில் ஐரோப்பியர்களிடம் அடிக்கடி தென்படும் மாற்றங்கள் இந்திய நோயாளிகளிடம் மிக அரிது. இந்த நோய் வெள்ளைக்காரர்களுக்குத்தான் வரும் என்ற பேச்சையும் பஞ்சாப் கணக்கெடுப்பு உடைத்தது. லூதியானா மருத்துவர்கள் வீடு வீடாகப் போய் 51,910 பேரை விசாரித்து, சந்தேகம் வந்தவர்களுக்குக் குழாய் விட்டுப் பார்த்து, 23 பேருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருப்பதை உறுதி செய்து 2003-ல் வெளியிட்டார்கள். லட்சத்துக்கு 44 பேருக்கு மேல். அத்தனை வீட்டு வாசலில் நின்று ரத்தம் போகிறதா என்று கேட்ட களப்பணியாளர்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

கேள்விகளும் மெல்ல மாறிவருகின்றன. மேயோ ஸ்கோரில் அவசரம் என்பதற்கு இடமே இல்லை, அடக்க முடியாமல் ஓடவேண்டியிருக்கிறதே, அதுதான் எங்கள் ஆட்கள் முதலில் சொல்வது. தடவையைவிட அதுதான் அவர்களை வீட்டிலேயே முடக்கிப்போடுகிறது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கான மிரிகிசுமாப் என்ற புது மருந்தின் சோதனைகளில் அந்த அவசரத்தை 0 முதல் 10 வரை நோயாளியே மதிப்பிடும்படி தனியாகக் கேட்டார்கள், 2023-ல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. அதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

உலகம் முழுக்க ஒரே மாதிரி பயன்படும் படிவத்தில் நாம் பேனா வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. அதனால் எங்கள் அடுத்த ஆய்வில் கூடுதலாக ஒரு பக்கம் சேர்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன், சரி என்றார். கழிப்பறைக்குப் போகவேண்டி வருமே என்று இன்று சாப்பாட்டைத் தவிர்த்தீர்களா, தண்ணீரைக் குறைத்தீர்களா, பயணத்தை விட்டீர்களா, இப்படிச் சில கேள்விகள். வரைவை நோயாளிகள் சிலரிடம் படித்துக் காட்டினோம். துணிக்கடைப் பெண் இரண்டு தடவை படித்துவிட்டு, "வேலைக்குப் போற நாளா, லீவு நாளானு மேல ஒரு கட்டம் போடுங்க அக்கா, ரெண்டுலயும் நான் வேற வேற மாதிரி சாப்பிடறேன்" என்றார். அந்தக் கட்டத்தையும் போட்டு நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறோம்.