பீருதான கண்ணு?

எங்கள் பக்கம் கெடா வெட்டு என்றால் இரண்டு பந்தி. கோயிலுக்கு முன்னால் இலை போட்டு ஒன்று; தோட்டத்துச் சாளை வீட்டுக்குப் பின்னால் ஆம்பளைகளுக்கு மட்டும் இன்னொன்று. பதினாறு, பதினேழு வயசுப் பையன்கள் தண்ணி கேன் தூக்கிக்கொண்டு அங்கே போவார்கள். அப்புறம் யாராவது ஒரு மாமா பிளாஸ்டிக் டம்ளரை நீட்டி, "பீருதான கண்ணு, ஒண்ணும் ஆகாது" என்பார். பாசத்தில் நீட்டுவதுதான். அதனாலேயே மறுப்பது கஷ்டம்.

என் மகன் பிளஸ் டூ. அடுத்த வருஷம் கோயமுத்தூரில் ஹாஸ்டல். "குடிச்சீன்னா தொலைச்சுருவேன்" என்று மிரட்டுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. மிரட்டினால் பையன் மறைக்கத்தான் பழகுவான்.

அதனால் ஒரு நாள் சாயங்காலம் இருமல் மருந்து மூடியை எடுத்துச் சமையல் மேடையில் வைத்தேன். குவார்ட்டர் 180 மில்லி, லேபிளில் 42.8 சதவீதம். ஸ்ட்ராங் பீர் 650 மில்லி, 8 சதவீதம் வரை. கணக்கை அவனே போட்டான்: குவார்ட்டரில் சுத்த ஆல்கஹால் 77 மில்லி, பீரில் 52. இரண்டு டம்ளரில் அந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும், "அப்ப ஒரு பீரு அரைக் குவார்ட்டருக்கும் மேலயாம்மா?" என்றான். ஆமாம். ஈரல் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு மில்லிதான் கரைக்கும். மோரும் எலுமிச்சையும் அந்த வேகத்தைக் கூட்டாது. யோசித்து நிதானிக்கிற மூளைப் பகுதி முதிர 25 வயசு வரை ஆகும். சட்டமே 21 வரை கூடாது என்கிறது.

மறுக்கவும் பழக வேண்டுமே. நான் மாமாவாக நடித்தேன். "வயித்துக்குச் சேராதுங்க" என்றான். "கொஞ்சூண்டுதான" என்றேன். காரணம் சொன்னால் பெரியவர்களிடம் அதற்கொரு பதில் இருக்கும். கடைசியில், "வேணாங்க மாமா" என்று மட்டும் சிரித்த முகமாகச் சொல்லிவிட்டு நகர்வது என்று முடிவானது.

என் அண்ணனிடமும் நேராகவே கேட்டேன்: "ஏனுங்ண்ணா, பசங்களுக்கு மட்டும் ஊத்தாதீங்க." கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி அம்மிணி" என்றார். அவர் நல்ல உழைப்பாளி, குடும்பத்தைத் தாங்குகிறவர். ரோட்டோரம் விழுந்து கிடப்பவருக்கு மட்டும்தான் குடியால் கெடுதல் என்று எங்கள் ஊரில் நினைக்கிறார்கள். அவருடைய மாத்திரை டப்பா வேறு சொல்கிறது.

ஹாஸ்டலுக்கு இன்னொன்றும் சொல்லியிருக்கிறேன். கூட இருப்பவன் அளவு மீறிக் குடித்து மயங்கினால், தூங்கட்டும் என்று தனியாக விட்டுவிடக் கூடாது. வயிற்றில் இருப்பது இன்னும் ரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும். மல்லாக்கப் போட்டால் வாந்தி மூச்சை அடைக்கும், ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். எழுப்பியும் எழவில்லை என்றால், வார்டன் திட்டுவாரோ என்று பார்க்காமல் 108. அடுத்த போன் எனக்கு. அது அவனாகவே இருந்தாலும், எந்நேரமானாலும் வருவேன், பேச்செல்லாம் மறுநாள்.

"அப்பாகிட்டச் சொல்லுவியா?" என்று கேட்டான்.

சொல்லுவேன். அதுவும் மறுநாள்தான்.