மணியும் தோலும் செம்பும்

தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில், விசாஜி தெருவில், ஒருகாலத்தில் நாணயச்சாலையாக இருந்த கட்டடத்தில் இயங்குகிறது டிட்சாங் தேசியப் பண்பாட்டு வரலாற்று அருங்காட்சியகம். லிம்போபோ பள்ளத்தாக்கின் ஷ்ரோடாவில் அகழ்ந்தெடுத்த, ஆயிரம் ஆண்டுக்கும் முந்தைய சுடுமண் உருவங்களால் பெயர் பெற்றது. சேமிப்பறைக்காரர்களுக்கு அவற்றால் தொல்லை குறைவு. சுடுமண் ஒரே பொருள். அடிபடாமல் கிடந்தால் போதும். அந்நாட்டின் இண்டெபெலே இனப் பெண்களின் மணிவேலைப்பாடு அப்படியல்ல.

மணமான பெண்கள் இடுப்பில் கட்டும் ஜோகோலோவை எடுத்துக்கொள்வோம். ஆட்டுத்தோல், நூல், கண்ணாடி மணி, சிலவற்றில் பித்தளை வளையம். பழைய கண்ணாடியிலிருந்து காரம் கசியும். ஈரப்பதம் 55 சதவீதத்தைத் தாண்டினால் மணி பிசுபிசுக்கும், கோத்த நூலும் இற்றுப்போகும். அதற்குப் பயந்து காற்றை உலர்த்தினால் தோல் விறைத்து மடிப்பில் வெடிக்கும். 40 முதல் 45 சதவீதத்துக்குள் நிறுத்துவது இரண்டுக்கும் பொதுவான சமரசம். பிரிட்டோரியாவில் கோடையில் மழை, குளிர்காலத்தில் வறட்சி. ஆகவே ஜூன், ஜூலையில் தோலையும், ஜனவரியில் மணியையும் கூர்ந்து பார்க்க வேண்டும். காரத்தை நிறமாற்றத்தால் காட்டும் பிஎச் தாளை நனைத்து மணியில் ஒற்றி எடுத்தால் கசிவு தெரிந்துவிடும்.

தோல் மிருதுவாக இருக்கட்டும் என்று எண்ணெய் தடவுவது அந்தக் காலத்துப் பழக்கம். நல்லெண்ணத்தில் செய்த கெடுதல். அந்தக் கொழுப்பு செம்போடும் பித்தளையோடும் சேர்ந்து மெழுகு போன்ற பச்சைக் களிம்பாகப் பூக்கும். மூங்கில் குச்சியால் களிம்பைச் சுரண்டி, ஸ்பிரிட்டில் தொட்ட பஞ்சால் உலோகத்தை மட்டும் துடைக்கலாம். பஞ்சு தோலில் படக்கூடாது. பிறகு இரண்டுக்கும் நடுவே மைலார் என்னும் மெல்லிய பாலியெஸ்டர் தாளின் துண்டு ஒன்றைச் செருக வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி பூக்கும். தண்ணீரில் ஊறவைப்பது அறவே கூடாது.

பொருளின் பதிவு எண்ணை மணியிலோ தோலிலோ எழுதாமல் பருத்தி நாடாவில் எழுதிக் கட்டுவது நல்லது. பழைய சேகரிப்புகளில் பூச்சிக்கு ஆர்செனிக் தூவியிருக்கலாம், ஆகவே நைட்ரைல் கையுறை கட்டாயம்.

தோல் வண்டு தென்பட்டால் பாலித்தீனில் இருமடியாகச் சுற்றி, காற்றை வெளியேற்றி, மைனஸ் 30 டிகிரியில் மூன்று நாள். வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18 என்றால் இரண்டு வாரம். கீறல் விழுந்த மணி இருந்தால் குளிரூட்டவே வேண்டாம், ஆக்சிஜன் நீக்கிய உறைதான் வழி. குளிரிலிருந்து எடுத்த பொதியை 24 மணி நேரம் பிரிக்காமல் வைக்க வேண்டும். அவசரப்பட்டுப் பிரித்தால் அறைக்காற்றின் ஈரம் தோலிலும் மணியிலும் முத்து முத்தாக இறங்கிவிடும்.