நாடி பார்த்த அப்பத்தா

எங்கள் அப்பத்தா கடந்த வியாழக்கிழமை அதிகாலையில், தமது 91ஆம் வயதில், உறக்கத்திலேயே காலமானார். அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்தவர். ஓய்வு பெற்ற பின்னும் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஊராரின் புண்களுக்கு மருந்து வைத்துக் கட்டுவதை அவர் நிறுத்தவில்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசிகள் வராத அந்நாளில், கண்ணாடிச் சிரிஞ்சுகளைக் கொதிநீரில் இட்டு இடுக்கியால் எடுப்பதும், ஊசிமுனையைப் பஞ்சில் இழுத்துப் பார்த்து, இழை சிக்கினால் கல்லில் தீட்டுவதும் அவருடைய அன்றாட வேலையாம். அந்தப் பழக்கத்தினாலோ என்னவோ, எங்கள் வீட்டில் தோசைக்கரண்டிக்கும் வெந்நீர்க் குளியல் உண்டு.

அம்மை குத்த வருகிறார்கள் என்றதும் வைக்கோற்போருக்குள் ஒளிந்துகொண்ட பிள்ளைகளைத் தேடிப்பிடித்து, கவட்டை முனை ஊசியால் மேல்தோலில் 15 முறை குத்திய கதையை அவர் சொல்லும்போது, 1980 மே மாதம் பெரியம்மை உலகைவிட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டதில் தமக்கும் பங்குண்டு என்ற பெருமிதம் முகத்தில் தெரியும்.

ஐந்து பிள்ளைகள், பதினோரு பேரப்பிள்ளைகள், எவர் அலைபேசியில் அழைத்தாலும் முதல் கேள்வி, "காய்ச்சல் கீய்ச்சல் இல்லையே?" என்பதுதான்.

புதன்கிழமை மாலை அருகில் அமர்ந்திருந்தேன். என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி, என் நாடியை எண்ணிக்கொண்டிருந்தார்.