எறிதலைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள்

இரும்புக் குண்டைக் கையில் கொடுத்ததும் பிள்ளைகள் முதலில் செய்வது, பந்தைப் போல அதை வீசிப் பார்ப்பதுதான். முழங்கை கீழே இறங்கும், குண்டு தோளுக்குப் பின்னால் போகும். விதிப்படி அது ஃபவுல். அதைவிட முக்கியம், முழங்கை மூட்டு அந்தப் பாரத்தைத் தாங்காது. குண்டை எறிவதில்லை, தள்ளுகிறோம். 'குண்டு எறிதல்' என்று பெயர் வைத்தவர்கள் இந்த விஷயத்தில் ஆசிரியருக்கு உதவி செய்யவில்லை.

எந்த எறிதலானாலும் கடைசி அசைவை முதலில் பழக்குங்கள். முதலில் பொருள் கையை விட்டுப் போகும் விதம். பிறகு நின்ற இடத்திலிருந்து எறிதல், அடுத்து ஓர் எட்டு வைத்து எறிதல். கிளைடு (எறியும் வட்டத்துக்குள் பின்னோக்கி வழுக்கி வந்து குண்டைத் தள்ளுவது), சுழற்சி, ஓட்டம் எல்லாம் அதற்கப்புறம். முதல் நாளே கிளைடு போட்டுக் காட்டினால் பிள்ளைகள் வட்டத்துக்குள் அழகாகத் துள்ளுவார்கள். குண்டு மட்டும் நின்றபடி தள்ளிய தூரத்தைத் தாண்டாது.

எடையில் அவசரம் வேண்டாம். 18 வயதுக்குட்பட்ட போட்டிகளில் பையன்களுக்கு 5 கிலோ, பெண்களுக்கு 3 கிலோ குண்டு. புதிதாகத் தொடங்கும் 12 வயதுப் பிள்ளைக்கு 2 கிலோ போதும், மெடிசின் பால் (கனமான பயிற்சிப் பந்து) கூடச் சரிதான். ஐந்தாவது தள்ளலிலேயே முழங்கை தொங்கினால் அந்த எடை அதிகம்.

குண்டு உள்ளங்கையில் உட்காரக் கூடாது. விரல்களின் அடிப்பகுதியில் இருக்க வேண்டும். கட்டைவிரலும் சுண்டுவிரலும் பக்கவாட்டில் அணை. பிறகு தாடைக்குக் கீழே, கழுத்தோடு ஒட்ட வையுங்கள். குண்டில் சாக்பீஸ் தூளைத் தடவிப் பாருங்கள்: முடிவில் உள்ளங்கை சுத்தமாகவும் கழுத்து வெள்ளையாகவும் இருந்தால் பிடி சரி.

நிற்கும் நிலையில்தான் அதிக நேரம் செலவாகும், ஆகட்டும். வலக்கையர் வலது காலை வட்டத்தின் நடுவிலும் இடது காலை வட்டத்தின் முன்விளிம்பில் உள்ள தடுப்புப் பலகை அருகிலும் வைத்து, மார்பைப் பின்பக்கம் திருப்பி, மடங்கிய வலது முழங்காலில் எடையை ஏற்ற வேண்டும். அங்கிருந்து வலது பாதம் திரும்பும், பின் இடுப்பு, பின் மார்பு, எல்லாம் முடிந்து கை. இந்த வரிசையில் கை முந்திக்கொள்வதுதான் பெரும்பாலான தவறுகளுக்கு வேர். அடுத்தது, உடல் இடப்பக்கம் சரிவது. இடது தோளைச் சீக்கிரம் இழுத்துக்கொள்வதால் வருவது இது. இடது முழங்கையை விலாவோடு மடக்கி நிறுத்தச் சொன்னால் இடப்பக்கம் சுவராக நிற்கும், வேகம் குண்டுக்குப் போகும்.

கோணம் 45 டிகிரி என்று இயற்பியல் வகுப்பில் படித்த பிள்ளை கேட்கும். குண்டு தரைமட்டத்திலிருந்து கிளம்பவில்லை; போதாததற்கு, மேல்நோக்கித் தள்ளத் தள்ள உடல் கொடுக்கும் வேகமும் குறைகிறது. அதனால் 35 முதல் 40 டிகிரிக்குள்தான் நல்ல பலன். எண்ணைச் சொல்வதைவிட, 2 மீட்டர் முன்னால் கை நீட்டினால் எட்டாத உயரத்தில் கயிறு கட்டி, அதன் மேலாகத் தள்ளச் சொல்லலாம்.

வட்டு எறிதலில் பயம் வேறு மாதிரி. கையிலிருந்து விழுந்துவிடும் என்று இறுக்கிப் பிடிப்பார்கள். விரல்களின் கடைசி மடிப்பில் விளிம்பு தொங்கினால் போதும், வீச்சு வேகமே அதைக் கையில் நிறுத்தும். முதல் வகுப்பில் எறிய விடாமல் தரையில் உருட்ட விடுங்கள். வட்டு ஆள்காட்டி விரலைக் கடைசியாகத் தொட்டு வெளியேறினால் நேராக உருளும். சுண்டுவிரல் வழியே போனால் தள்ளாடிச் சாயும். காற்றிலும் அதே தள்ளாட்டம்தான்.

ஈட்டிக்கு முன் பந்து. தலைக்கு மேலாக, முழங்கை முதலில் வந்து பந்தை எறியத் தெரிந்த பிறகே ஈட்டி. பிடி, ஈட்டியின் நடுவில் உள்ள நூல் சுற்றின் பின்விளிம்பில். உள்ளங்கை வானம் பார்க்கும். 6 மீட்டர் முன்னால் புல்தரையில் ஒரு வளையம் போட்டு, நின்றபடி அதில் குத்தச் சொல்லுங்கள். விசை முனை வழியாகப் போகிறதா என்று உடனே தெரியும். முனை மேலே தூக்கியிருந்தால் வால் முதுகில் தட்டும். கை பக்கவாட்டில் சுற்றி வந்தால் முழங்கையின் உள்பக்கம் வலிக்கும். அன்று அந்தப் பிள்ளைக்கு எறிதல் முடிந்தது.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. ஒரு விசிலுக்கு எல்லோரும் எறிவது, அடுத்த விசிலுக்கு எல்லோரும் நடந்து போய் எடுப்பது. ஓட்டம் கிடையாது. ஈட்டியை முனை கீழே இருக்க நிமிர்த்தித் தூக்க வேண்டும். தரையிலிருந்து பிடுங்கும் முன் பின்னால் ஆள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், குத்துவது பெரும்பாலும் வால்தான். வட்டு எறிகையில் இடக்கையரை வரிசையின் இடது ஓரத்தில் நிறுத்துங்கள். முன்கூட்டியே நழுவினால் ஆளில்லாத பக்கம் போகும். ஈரமான வட்டைத் துணியால் துடைக்காமல் கொடுக்காதீர்கள். வலைக்கூண்டு இல்லாத இடத்தில் சங்கிலிக் குண்டு (ஹேமர்) எறிதல் வேண்டவே வேண்டாம்.

முதல் மூன்று வாரம் டேப் அறையிலேயே இருக்கட்டும். அளக்கத் தொடங்கினால் பிள்ளைகள் கையால் இழுத்து எறியத் தொடங்குவார்கள். பிறகு செக்டார் (எறிந்த பொருள் விழ வேண்டிய பகுதி) போடும்போது, குண்டுக்கும் வட்டுக்கும் வட்ட மையத்திலிருந்து 20 மீட்டரில் இரு கோடுகளுக்கிடையே 12 மீட்டர். ஈட்டிக்கு, எறியும் கோடாக உள்ள வளைவு எந்த வட்டத்தின் பகுதியோ அந்த வட்டத்தின் மையத்திலிருந்து அதே 20 மீட்டரில் 10 மீட்டர். கூடவே, எறிந்தபின் வட்டத்தின் பின்பாதி வழியாக வெளியேறவும் பழக்கிவிடுங்கள். நல்ல தூரம் போட்ட சந்தோஷத்தில் முன்பக்கமாக நடந்து வந்து ஃபவுல் வாங்குவது அடிக்கடி நடக்கிறது.