இரட்டைக் கருவில் நஞ்சுக்கொடிக் கணக்கு

என் தங்கை இரட்டைக் குழந்தைகளைச் சுமக்கிறாள் என்று தெரிந்ததிலிருந்து, "டபுள் மார்க்கர் எடுத்தாச்சா?" என்று கேட்காத உறவினர் இல்லை. ஒற்றைக் கருவென்றால் அது பொருத்தமான கேள்விதான். டவுன் சிண்ட்ரோம் முதலிய குரோமோசோம் குறைபாடுகளுக்கான அந்தப் பரிசோதனை, தாயின் இரத்தத்தில் ஃப்ரீ பீட்டா எச்.சி.ஜி., பாப்-ஏ என்ற இரண்டு பொருள்களை அளக்கிறது. இரண்டுமே நஞ்சுக்கொடியிலிருந்து வருபவை. இரட்டையரில் இரு குழந்தைகளின் பங்கும் ஒரே இரத்தத்தில் கலந்துவிடுவதால், ஒன்றின் மாறுபட்ட அளவை மற்றொன்றின் இயல்பான அளவு மறைத்துவிட இடமுண்டு. ஆகவே இரத்தத்தைக் காட்டிலும் ஸ்கேனைத்தான் அதிகம் நம்ப வேண்டியிருக்கிறது.

அந்த ஸ்கேனிலும் மருத்துவர் முதலில் தேடியது குழந்தைகளின் கழுத்தை அல்ல. இரு பனிக்குடங்களுக்கும் நடுவிலுள்ள சவ்வு நஞ்சுக்கொடியைத் தொடும் இடத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டி, "இங்கே முக்கோணமா ஆப்பு மாதிரி தெரியுது பாரும்மா, ரெண்டு பேருக்கும் தனித்தனி நஞ்சுக்கொடி" என்றார். லாம்டா என்ற கிரேக்க எழுத்தின் சாயலில் இருப்பதால் அந்த அடையாளத்துக்கு அதே பெயர். பகிர்ந்துகொள்ளும் ஒரே நஞ்சுக்கொடியாக இருந்தால் மெல்லிய சவ்வு ஆங்கில 'T' எழுத்தைப் போல நேராக வந்து சேரும். 11 முதல் 14 வாரத்துக்குள் தெளிவாகத் தெரியும் இந்த வேறுபாடு நாள் போகப் போக மங்கிவிடும் என்பதால், அந்தக் காலத்தைத் தவறவிடாமல் இருப்பது நல்லது.

இதன் பிறகே கழுத்தின் பின்புற நீர்ப்படலத்தை, அதாவது என்.டி.யை, அளந்தார்கள். நஞ்சுக்கொடி ஒன்றே என்றால் இருவரும் ஒரே கருமுட்டையிலிருந்து பிரிந்தவர்கள். அபூர்வ விலக்குகள் நீங்கலாக இருவருக்கும் குரோமோசோம்கள் ஒன்றே. எனவே இரு அளவுகளின் சராசரியைக் கொண்டு கர்ப்பம் முழுமைக்கும் ஒரே அபாய எண்ணைக் கணக்கிடுகிறார்கள். அங்கே ஒரு குழந்தைக்கு மட்டும் என்.டி. கூடுதலாக இருந்தால், அது குரோமோசோம் சிக்கலாக இல்லாமல், பகிர்ந்த நஞ்சுக்கொடி வழியே இரத்தம் ஏறுமாறாகப் பாய்வதன் தொடக்கமாகவும் இருக்கலாம். நஞ்சுக்கொடி இரண்டு என்றால் ஒவ்வொரு குழந்தைக்கும் தனி எண். தங்கையின் அறிக்கையில் இரண்டு எண்கள் இருந்ததைக் கண்டு அச்சுப்பிழை என்று மாமா வாதாடியதற்கு இதுவே விடை.

விண்ணப்பப் படிவத்தையும் கவனமாக நிரப்ப வேண்டும். அவளுடையது உறைய வைத்த கருவைக் கொண்டு ஐ.வி.எஃப். முறையில் உண்டான கர்ப்பம். அபாயக் கணக்குக்கு வேண்டியது இன்றைய வயதல்ல, கருமுட்டை எடுக்கப்பட்டபோது இருந்த வயது. தானமாகப் பெற்ற கருமுட்டையானால் கொடுத்தவரின் வயது.

அடுத்து என்.ஐ.பி.டி. தாயின் இரத்தத்தில் கருவின் டி.என்.ஏ. மிதப்பதை டென்னிஸ் லோ குழுவினர் 1997இல் வெளியிட்டதன் வழியே வந்த பரிசோதனை இது. டவுன் சிண்ட்ரோமைப் பொறுத்தவரை டபுள் மார்க்கரைவிடக் கூர்மையானது. ஆனாலும் இதுவும் சல்லடைதான், தீர்ப்பு அல்ல. இரு நஞ்சுக்கொடி இரட்டையரில் ஒவ்வொரு குழந்தையிலிருந்தும் வரும் டி.என்.ஏ.வின் பங்கு குறைவாக இருப்பதால், முடிவே கிடைக்காமல் போவது ஒற்றைக் கருவைவிடச் சற்று அதிகம். தொடக்கத்தில் இன்னொரு கரு உருவாகிக் கரைந்திருந்தாலும் அதன் நஞ்சுக்கொடித் துணுக்குகள் சில வாரங்கள் இரத்தத்தில் நீடித்து முடிவைக் குழப்பக்கூடும். ஆரம்ப ஸ்கேனில் மூன்றாவது பை தெரிந்திருந்தால் ஆய்வகத்திடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பாலினத்தைச் சொல்வது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் நாட்டில் குற்றம் என்பதால், அதை எதிர்பார்த்து இந்தப் பரிசோதனைக்குப் போகும் எண்ணமே கூடாது.

அபாயம் அதிகம் என்று என்.ஐ.பி.டி. சொன்னாலும் அது எந்தக் குழந்தைக்கு என்பதைப் பொதுவாக அதனால் காட்ட இயலாது. உறுதி செய்ய, 15 வாரங்களுக்குப் பிறகு பனிக்குட நீரை ஊசியால் எடுக்க வேண்டும். தனித்தனி நஞ்சுக்கொடி என்றால் இரு பைகளிலிருந்தும். அப்போது எந்த மாதிரி யாருடையது என்பதில் ஐயமே இருக்கக்கூடாது. முதல் ஸ்கேன் அறிக்கையில் 'குழந்தை 1: வலப்புறம், கீழே, நஞ்சுக்கொடி முன்சுவரில்' என்ற வகையில் ஒரு வரி எழுதப்படுவது இதற்காகத்தான். தங்கையின் அறிக்கையில் அது விடுபட்டிருந்ததால், கேட்டு எழுதி வாங்கிய பிறகே ஸ்கேன் மையத்திலிருந்து கிளம்பினோம்.